மத்தாப்புப் பெட்டி ராணி

மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த வாசனை... இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் பட்டால், சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சாபீஸ் மாடியில் போய் நின்றுவிடுவேன். கீழே மெஷின் ஓடும். மேலே என் மேஜை அதிரும். அந்த அதிர்வுக்கு நடுவிலேயே பிரஷ் பிடிக்கப் பழகிக்கொண்டேன்.

நான் அங்கே லேபிள் ஆர்ட்டிஸ்ட். கிளி, மயில், ரோஜாப்பூ, கொழுகொழு குழந்தை... பட்டாசுப் பெட்டிக்கு எது கேட்டாலும் வரைவேன்.

எங்கள் முதலாளிக்கு ராஜா ராணி படம் என்றால் உயிர். புது வீடு கட்டினார். ஜமீன் அரண்மனைகளில் தொங்கும் பழைய எண்ணெய் ஓவியங்களைப் போட்டோ எடுக்க வைத்து, அதைப் பார்த்து அப்படியே ஹாலுக்கு வரையச் சொன்னார். தன் முன்னோருக்குப் படம் இல்லாததால் அடுத்தவர் முன்னோரை மாட்டிக்கொள்கிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவோம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஊரில் இன்னும் சில பெரிய வீட்டுக்காரர்களும் என்னிடம் கேட்டு வந்தார்கள்.

முதலாளிக்கு வரைந்த படங்களில் ஒரு ராணி. நல்ல கறுப்பு. சிரிக்காத முகம். நாற்காலிக் கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். நீண்ட விரல்கள்... முகத்தைவிட அந்தக் கைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வரைந்து முடித்த அன்று நானே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே ராணியைக் கம்பி மத்தாப்பு லேபிளுக்கும் போடு என்றார் முதலாளி. லேபிளுக்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராக இருந்தாலும் கன்னம் சிவக்க வேண்டும், பல் தெரியச் சிரிக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்காரர் பெட்டியை எடுக்க மாட்டாராம். ராணியும் சிவந்தாள், சிரித்தாள். அந்தச் சீசன் முழுக்க லோடு லோடாக வடக்கே போனாள்.

அடுத்த சீசன் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் மாடிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் பேச்சியம்மாள், ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். இடுப்பில் ஒரு குழந்தை. அவளுடைய அக்கா முத்துலட்சுமி மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே நடந்த விபத்தில் போய்விட்டாள். இடுப்பில் இருந்தது அக்காவின் மகள்.

மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். நான் வரைந்த லேபிள்.

"எங்கக்கா இப்படித்தான்ணே இருப்பா. இந்த லேபிளை ஒட்டையில எல்லாரும் அவளை ராணின்னுதான் கூப்பிடுவாக. நகையெல்லாம் கழட்டிட்டு ஒரு படம் வரைஞ்சு தாங்க."

போட்டோ எதுவும் இல்லையா என்று கேட்டேன். கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லையாம். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தைத் திறந்து காட்டவும் இல்லையாம்.

"புள்ளைக்கு முகம் மறந்துரும்ணே. இப்பவே என்னைத்தான் அம்மாங்குது."

லேபிளில் இருப்பது வியாபாரத்துக்காக நான் போட்ட சிரிப்பு. அதை வைத்து ஒரு தாயை எப்படி வரைவது? ஆனால் முடியாது என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சியம்மாள் பஸ் ஏறி வந்து பக்கத்தில் நிற்பாள். லேபிள் ராணியைப் பெரிதாக வரைந்துகொண்டு, முதலில் நகைகளைக் கழற்றினேன். நெற்றிச்சுட்டி போனது, அட்டிகை போனது, தோளில் இருந்த வங்கி போனது. மூக்குத்தி மட்டும் ஒற்றைக் கல்லாக நின்றது. பட்டு, நூல் சேலையாக மாறியது. அக்கா இம்புட்டுச் சிவப்பு இல்லை என்றாள், கன்னத்துச் சிவப்பை எடுத்தேன். பல் தெரியச் சிரிக்க மாட்டாள் என்றாள், உதட்டை மூடினேன்.

மாற்ற மாற்ற, லேபிளுக்காக நான் பூசி மறைத்த அரண்மனை ராணியின் முகமே திரும்பி வந்துகொண்டிருந்தது. கறுப்பாக, அழுத்தமாக, நேராகப் பார்க்கிற அதே முகம். அதைப் பார்த்ததும் பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

கடைசியில் மிச்சம் இருந்தது கை. மத்தாப்பு வேலை பார்க்கிறவர்கள் கையில் அலுமினியப் பொடி ஏறிச் சாம்பல் பூத்துக் கிடக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தக் கையையே வரையட்டுமா என்று கேட்டேன்.

அவள் குனிந்து படத்தில் இருந்த நீண்ட விரல்களைப் பார்த்தாள்.

"வேண்டாம்ணே... கை மட்டும் ராணி கையாவே இருக்கட்டும்."

படத்தை வாங்கியதும் இருக்கன்குடி மாரியம்மன் கோவில் குங்குமத்தை அதன் நெற்றியில் வைத்தாள். முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

இதெல்லாம் இன்றைக்கு ஏன் என்றால்... அந்தக் குழந்தை கவிதா இப்போது விருதுநகரில் நர்ஸ். போன வாரம் சித்தி பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கண்ணாடிக்குள் ஈரம் இறங்கிப் படத்தின் ஓரம் பூஞ்சை பூத்துவிட்டதாம், சரிசெய்து தரவேண்டுமாம்.

பேச்சுவாக்கில் போனை எடுத்துத் தன் மகனைக் காட்டினாள். பிறந்த நிமிஷத்திலிருந்து நேற்று இட்லி தின்றது வரைக்கும் படம்... தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு முகத்துக்காக நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

"முகம் படத்துல பாத்ததுதான் மாமா. ஆனா கை நல்லா ஞாபகம் இருக்கு. நீள நீளமா விரலு... அம்புட்டு அழகா இருக்கும். அந்தக் கையாலதான் எனக்குச் சோறு ஊட்டுவாக."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள்.

படத்தின் ஓரத்தை மட்டும் சரிசெய்து கொடுத்தேன். கைப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோகவே இல்லை.