ஒருமுறை பிரித்த இடத்தை மறுபடி பிரிப்பது

1. நான்கு ரிஜெக்ட்

ஒரே ஷிஃப்டில் என் நம்பர் குத்திய பீஸ் நான்கு திரும்பி வந்தன. 1991, வெயில் காலம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் ஒரு வயரிங் ஹார்னஸ் கம்பெனி. ஹெட்லைட்டிலிருந்து ஹாரன் வரை வண்டிக்குள் ஓடுகிற வயர்களை ஒரே கட்டாகச் சேர்த்து டேப் சுற்றிக் கொடுப்பதுதான் வேலை. நெஞ்சு உயரத்துக்குச் சாய்ந்து நிற்கிற பலகையை போர்டு என்போம். அதில் வரிசையாக ஆணிகள் இருக்கும். ஆணிக்கு ஆணி வயரை ஓட்டி, கையை எட்ட நீட்டி, இழுத்துச் சுற்ற வேண்டும். ஷிஃப்ட் முழுக்க நின்றபடிதான்.

சூப்பர்வைசர் முரளி சார் அந்த நான்கு பீஸையும் என் முன்னால் போட்டார்.

"செல்வமேரி, பாதி தூரம் இறுக்கமா இருக்கு, பாதி தூரம் லூஸா இருக்கு. லைன்ல சாம்பிள் காட்டணும்னா உன் பீஸத்தான் எடுப்பேன். உனக்கு என்ன ஆச்சு?"

"காத்து பட்டு தோள் புடிச்சிகிச்சு சார்."

அது பொய். அந்தப் பொய்யை வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் கம்பவுண்டரிடமும் அதையேதான் சொல்வேன். அவரும் பாவம், தைலம் கொடுத்துக்கொண்டே இருந்தார். உண்மை என்னவென்றால் என் மார் கனம். அவ்வளவுதான் விஷயம். இதை எழுதுவதற்கு எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. உள்பாடிப் பட்டை இரண்டு தோளிலும் பள்ளம் போட்டிருந்தது. வியர்வையில் அடிப்பக்கம் புண்ணாகும். கழுத்திலிருந்து வலி இறங்கி, இடது கை விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலால் டேப்பை எப்படி இழுப்பது?

"ரீவொர்க் பெஞ்சுக்குப் போ. உக்காந்து செய்யற வேலை. அங்கயும் சரியா வரலைன்னா நான் மேனேஜருக்குப் பதில் சொல்ல முடியாது," என்றார் முரளி சார்.

நான் அப்போது டெம்பரரி. பர்மனெண்ட் செய்கிற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம்.

2. கேள்வி எனக்கு, பதில் அவருக்கு

பேபி எனக்கு அடுத்த போர்டில் நின்றவள். வல்லக்கோட்டைக்காரி, வாய் சும்மா இருக்காது. டிரெஸ் ரூமில் நான் ஓவர்கோட் மாற்றும்போது தோளைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, மூட்டை தூக்குற ஆளுக்குக்கூட இப்பிடி பள்ளம் இருக்காதே."

நான் அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆனதையும் சொன்னேன்.

"ஆபரேஷன் பண்ணிகினியா? அப்பறம் இன்னாத்துக்கு வலி?"

அந்தக் கதை இதுதான். என் வீட்டுக்காரர் அந்தோணி மஸ்கட்டில் வெல்டர். இரண்டு வருஷம் முன்னால் லீவில் வந்தபோது, மெட்ராஸில் ஒரு நர்சிங் ஹோமுக்கு என்னைக் கூட்டிப்போனார். எங்கள் பக்கத்தில் பொம்பளையை டாக்டரிடம் கூட்டிப்போனால் ஆம்பளைதான் பேசுவான். பொம்பளை வாயைத் திறந்தால் அடக்கமில்லை என்பார்கள். அந்த டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், "என்னம்மா பிரச்சினை?" என்று.

"ரெண்டு புள்ள பெத்ததுல தொங்கிப்போச்சு சார். முன்ன மாதிரி ஆவணும்," என்றார் அந்தோணி.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"

"வேற ஒண்ணும் இல்ல சார்," என்றார் மறுபடியும் அவரே.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். டாக்டர் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். கேட்டதைக் கேட்டபடி சுத்தமாகச் செய்தார். தொங்கியது நிமிர்ந்தது. கனம் அப்படியே இருந்தது. குடத்தைக் கீழ்ப்படியிலிருந்து எடுத்து மேல்படியில் வைத்தால் தண்ணீர் குறைந்துவிடுமா? அந்தோணி சந்தோஷமாக மஸ்கட்டுக்குத் திரும்பிப்போனார். நான் வலியோடு வேலைக்குத் திரும்பினேன்.

பேபி என் ஓவர்கோட் பட்டனைப் போட்டுவிட்டாள்.

"எங்க அண்ணி மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில ஆயா. அங்க கனத்தக் கொறைக்கிற ஆபரேஷனும் கீதாம். வார ஆஃப் அன்னிக்கி போயி கேட்டுகினு வரலாம், வா."

3. மஞ்சள் டேப்

அதற்குள் நான் ரீவொர்க் பெஞ்சுக்கு மாறியிருந்தேன். அந்த வேலையைச் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது உங்களுக்குப் புரியும். ரிஜெக்ட் ஆன வயர் கட்டுகளை பிளேடால் கீறிப் பிரிப்போம். தப்பான வயரை வெட்டி, புதுசாக ஜாயிண்ட் போட்டு, திரும்ப டேப் சுற்றுவோம். முனையில் ஒரு சுற்று மஞ்சள் டேப் ஒட்டுவோம். ஒருமுறை பிரித்த பீஸ் என்று அதற்கு அர்த்தம்.

மஞ்சள் டேப் ஒட்டிய பீஸ் இரண்டாவது தடவை திரும்பி வந்தால் எங்களுக்கு உதறல் எடுக்கும். முதலில் பிரித்தவள் எந்த இடத்தில் ஜாயிண்ட் போட்டாள் என்பது வெளியே தெரியாது. குருட்டாம்போக்கில் பிளேடை இறக்கினால் நல்ல வயரும் போய்விடும். அதனால், முதலில் செய்தவளைத் தேடிப் பிடித்து எங்கே வெட்டினாய் என்று கேட்ட பிறகுதான் தொட வேண்டும். அவள் வேலையை விட்டே போயிருந்தால் அநேகமாக ஸ்கிராப்தான்.

ஆஃப் அன்றைக்கு பேபியும் நானும் மெட்ராஸ் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் நடுவயதுக்காரர். "என்னம்மா?" என்றார். பேபி வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

"கனம் டாக்டர். தோள் அறுந்து உழுற மாதிரி வலிக்குது. கை மரத்துப்போவுது." ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

நர்ஸைக் கூட வைத்துக்கொண்டு பரிசோதித்தார். தழும்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"முன்னாடியே ஒருத்தர் தூக்கிக் கட்டியிருக்காரே. அவர் எந்தப் பக்கம் விட்டுட்டு எந்தப் பக்கம் வெட்டினாருன்னு தெரியணும்மா. காம்புக்கு ரத்தம் வர்றதுக்கு அவர் ஒரு வழி விட்டிருப்பார். தெரியாம நான் அந்த வழியையும் வெட்டிட்டா காம்பு கறுத்துப்போயிடும்."

பேபி திருதிருவென்று விழித்தாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "மஞ்ச டேப்பு," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே அந்த நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். முதல் டாக்டர் வெளிநாட்டுக்குப் போய்க் குடியேறிவிட்டாராம். அவரோடு ஆபரேஷன் செய்தவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை, பழைய ஃபைலும் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது தண்டலம் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். செய்தவள் வேலையை விட்டுப் போய்விட்ட பீஸ் நான்.

அடுத்த ஆஃபில் டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒளிக்காமல் பேசினார்.

"ரெண்டு வழி இருக்கும்மா. காம்பைத் தனியா எடுத்துட்டு, தேவையான அளவு குறைச்சுட்டு, மறுபடி ஒட்டலாம். கனம் நல்லா குறையும். ஆனா அங்க உணர்ச்சி இருக்காது. ஒட்டினது பிடிக்கும்னு உறுதியும் சொல்ல முடியாது. இன்னொண்ணு, அது பக்கமே போகாம, கீழயும் ஓரத்துலயும் மட்டும் கொஞ்சம் எடுக்கறது. பயம் குறைவு, பயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ நினைக்கிற அளவுக்குக் கனம் குறையாது."

"ஒண்ணுமே பண்ணாம வுட்டா?"

"உயிருக்கு ஒண்ணும் இல்ல. வலி இருக்கும். வீட்ல பேசிட்டு வா."

பெஞ்சில் ஒவ்வொரு மஞ்சள் டேப்பும் என்னையே பார்ப்பதாக இருந்தது. செய்துகொண்டு கறுத்துப்போனால் என்ன செய்வது? மயக்கத்திலிருந்து எழுந்திருக்காவிட்டால் பிள்ளைகள் இரண்டும் யாரிடம் போகும்? செய்யாமல் விட்டால் இந்தக் கை இன்னும் எத்தனை நாள் வேலை செய்யும்? வேலை போனால் அப்புறம் மஸ்கட் மணியார்டரை எதிர்பார்த்து உட்கார வேண்டியதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாகவே இருந்தது.

"நீ சர்ச்சுக்குப் போ, நான் முருகன்கிட்ட வேண்டிக்கிறேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது கேக்காமயா போவாங்க," என்றாள் பேபி.

4. பாய் கடை ஃபோன்

அந்தோணி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் பஜாரில் பாய் மளிகைக் கடைக்கு ஃபோன் பண்ணுவார். ஃபோன் கல்லாப்பெட்டி பக்கத்தில் இருந்தது. பருப்பு வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் நாம் பேசுவது கேட்கும். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று ஏற்கெனவே கேட்டு எழுதியிருந்தேன். காரணத்தை மட்டும் எழுதக் கை வரவில்லை.

"மறுபடி எதுக்கு மேரி ஆபரேஷன்? போன தபா நல்லாத்தான வந்துச்சு?"

"பாக்க நல்லாத்தான் வந்துச்சு."

"அப்பறம் இன்னா?"

பாய் தராசில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் மூன்று நான்கு பேர். உடம்பு சரியில்லை என்று பொதுவாகச் சொல்லி வைத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். அப்படிச் சொன்னால் மறுபடியும் காலண்டரைப் பார்த்துத் தலையாட்டின கதைதான்.

"மாரு கனங்க. தாங்க முடியல. கை மரத்துப்போவுது, வேலை போயிடும் போல கீது. அன்னிக்கி டாக்டர் கேட்டப்ப உங்களுக்கு வேண்டியத நீங்க சொன்னீங்க. எனக்கு வேண்டியத யாருமே சொல்லல. நானும் வாயத் தொறக்கல."

பாய் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அந்த மனுஷனை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.



"எனக்குத் தெரியாதே மேரி. நீ சொல்லவே இல்லியே."

"இப்ப சொல்றேன்."

"ஏதாவது ஆயிட்டா புள்ளைங்க இன்னா பண்ணும்?"

"அதாங்க எனக்கும் பயமா கீது." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

"சரி, அழாத. இன்னா பண்ணலாம்னு நெனைக்கிற?"

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "கொஞ்சமா எடுக்கச் சொல்லப் போறேன். பாதி கொறைஞ்சா போதும்," என்றேன். பெஞ்சிலும் நான் அப்படித்தான் செய்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கட்டை முழுசாகப் பிரிக்க மாட்டேன்.

5. டெஸ்டர்

மயக்கம் தெளிந்தபோது நர்ஸ் கட்டுத்துணியை விலக்கி விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பினால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். கம்பெனியில் டேப் சுற்றி முடித்த பீஸை டெஸ்டரில் மாட்டிவிட்டு பல்பு எரிகிறதா என்று நிற்போமே, அப்படி நான் அவள் முகத்தையே பார்த்தேன். வலது பக்கம் உடனே சிவந்தது. இடது பக்கம் அழுத்திவிட்டு அவள் ஒன்றும் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள். அவர் வருவதற்குள் எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன்.

"மெதுவா வருது. ஆனா வருது," என்றார் டாக்டர்.

இடது பக்கம் ஓரத்தில் கொஞ்சம் கறுத்து உதிர்ந்தது. மீதி பிழைத்தது. புண் ஆற நாளானதால் அந்தத் தடவை பர்மனெண்ட் ஆனவர்களில் என் பெயர் இல்லை. ராத்திரியும் பகலும் பயந்ததில் இதுவும் ஒன்று, அது நடந்தேவிட்டது. ஆனால் முரளி சார் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. மறுபடி போர்டில் நின்றேன். கை எட்டியது, விரல் மரக்கவில்லை. அடுத்த தடவை பர்மனெண்ட் செய்தபோது நானும் ஆனேன். பிறகு அதே லைனுக்கு சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனேன்.

இன்றைக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் போகிற பெண்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. முதல் தடவை பிரிக்கும்போதே எது கோளாறு என்று தெரிந்து பிரித்தால் இரண்டாவது தடவை வராது. பீஸுக்கு வாய் கிடையாது. நமக்கு இருக்கிறது.

அடுத்த வருஷம் அந்தோணி லீவில் வந்தார். டாக்டரிடம் காட்டப் போனபோது கூடவே வந்தார். "எப்படிம்மா இருக்கு இப்போ?" என்று டாக்டர் கேட்டார். பழக்க தோஷத்தில் அந்தோணி வாயைத் திறந்தார். திறந்ததை அப்படியே மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாதி கனம் போச்சு டாக்டர். மீதிய தாங்கிக்குவேன்," என்றேன்.