மலை வெளியே தெரியக் கட்டிய மாலை

முனிரத்தினம் போய்விட்டார் என்பதை எனக்குச் சொன்னவர் பூ மூட்டை கொண்டுவரும் ஆட்டோக்காரர்.

"கன்னிம்மா, உன் பக்கத்துக் கடைக்காரரு தவறிட்டாராம். கே.ஜி.கண்டிகை டீக்கடைல பேசிகினு இருந்தாங்க."

கையில் இருந்த சரத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். டீக்கடைக்குச் சொல்லத் தெரிந்த அவர் வீட்டாருக்கு எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அதையும் நான் மறக்கப்போவதில்லை. திருத்தணி மலை அடிவாரத்தில் அவர் கடைக்கும் என் பூக்கடைக்கும் நடுவில் இருந்தது ஒரு தகரத் தடுப்பு மட்டும். அதனால்தான் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு நினைவு மலர் அச்சுப் போடும்போது, "நீதான் எழுதணும்" என்று என்னிடம் வந்தார்கள். எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதுகிறேன்.

அவர் கட்டியது ரூபாய் நோட்டு மாலை. கல்யாணத்துக்குத் தாய்மாமன் போடுவது, மொட்டையடித்துக் காது குத்தும் குழந்தைக்குப் போடுவது, முருகனுக்கு வேண்டிக்கொண்டு போடுவது எல்லாம் அவர் கையால்தான். நோட்டை விசிறி போல மடித்து அதன் இடுப்பில் நூல் சுற்றுவார். குண்டூசி கிடையாது, பின் அடிப்பது கிடையாது. யாராவது அவசரப்படுத்தினால், "குழந்தைக்குத்தான்யா காது குத்தணும், நோட்டுக்குக் குத்தக்கூடாது" என்பார். மறுநாள் பிரித்துக் கையால் நீவினால் நோட்டு கடையில் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

மடிக்கும்போது எந்தப் படம் வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய ஓயாத யோசனை. நிலக்காரர்கள் வந்தால் டிராக்டர் போட்ட பழைய ஐந்து ரூபாயைத் தேடி எடுப்பார். பிள்ளைகளுக்கு யானையும் காண்டாமிருகமும் புலியும் உள்ள பத்து ரூபாய். ஒருமுறை அம்மையார்குப்பத்திலிருந்து வந்த நெசவாளி ஒருவர் கேட்டார்: "டிராக்டர் போட்டாங்க, யானை போட்டாங்க. எங்க தறி எந்த நோட்டுல கீது?"

முனிரத்தினம் ஒரு நோட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "காந்தி தாத்தா தோள்ல துணி கீதா? அது தானா வந்துச்சா? நல்லா பாரு, உங்க ஊருதான்."

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பேசிய கூலியைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். அவர் மனைவியை நான் அக்கா என்றதால், அக்கா புருஷன் என்ற முறையில் அவர் எனக்குப் பாவா. நோட்டின் பின்பக்கம் வரிசையாகப் பல மொழிகளில் தொகை எழுதியிருக்கும். அதில் தமிழுக்கு நேர் கீழே தெலுங்கு. "எங்க பாஷை மேல, உங்க பாஷை கீழ, பாத்தீங்களா பாவா?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "ஆங், மேலயே ஏறிக் குந்திக்கோ. தாங்கிகினு இருக்கறது நாங்கதானே" என்பார். அக்கா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் சும்மா இருக்கமாட்டீங்களா?" என்பாள். அந்த நாளெல்லாம் நாங்கள் நேருக்கு நேர் பேசிய நாள்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பழைய நூறு ரூபாயின் பின்பக்கம் மலை இருக்கும், வெள்ளை உச்சியோடு. அது நம் திருத்தணி மலை என்பார். நம் ஊரில் இரண்டு பக்கமும் மலை. வெளுப்பாகத் தெரிவது பச்சரிசி மலை, கறுப்பாகத் தெரிவது பிண்ணாக்கு மலை. நோட்டில் வெள்ளையாக இருப்பது பச்சரிசி மலை, அதன் கீழே கறுத்திருப்பது பிண்ணாக்கு மலை என்று வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் விரலால் தொட்டுக் காட்டுவார். படியேற வந்த வாத்தியார் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "ஐயா, இது வடக்கே இமயமலை. அது பனி" என்றார்.

"நீங்க அங்க போயி பாத்தீங்களா சார்?"

"போனதில்லை. படிச்சிருக்கேன்."

"நான் இத தினம் பாத்துகினு இருக்கேன் சார்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் பூவைப் பார்த்தேன். முனிரத்தினம் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது அவர் நோட்டு, அவர் மலை, எனக்கென்ன என்று இருந்தேன். என் மகன் கல்யாணம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு ஒரே மகன். பெண் எடுத்தது அரக்கோணத்தில், ரயில்வே உத்தியோகக் குடும்பம். பூ விற்கிறவள் வீடு என்று அவர்கள் வாய் விட்டுச் சொல்லவில்லை, ஆனால் காப்பி டம்ளரை வாங்கிய விதத்தில் சொன்னார்கள். அவர்கள் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று முழுக்க நூறு ரூபாய் நோட்டில் மாலை கட்டச் சொன்னேன். முனிரத்தினம் கட்டிக்கொண்டு வந்து தன் கையாலேயே என் மகன் கழுத்தில் போட்டார். நோட்டு எல்லாவற்றிலும் காந்தி உள்ளே, மலை வெளியே.

சம்பந்தியம்மாள் கிட்டே வந்து பார்த்தாள். "இன்னா சம்பந்தி, காந்தியக் காணோம்? பசங்க விளையாடற நோட்டா?" என்றாள், மண்டபமே கேட்கும்படி. அவள் தம்பி மாலையிலிருந்து ஒரு நோட்டை உருவி, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, வெளிச்சத்தில் காந்தி உருவம் தெரிகிறதா என்று பார்த்தான். மாலை என் மகன் கழுத்தில் இருக்கும்போதே பார்த்தான். "நல்ல நோட்டுதான்க்கா" என்று அவன் சொன்னது அதைவிடக் கேவலமாக இருந்தது.

மண்டபத்து வாசலில் முனிரத்தினத்தைப் பிடித்தேன். "ஏன் பாவா இப்படிப் பண்ணீங்க?"

"மாப்பிள்ள கழுத்துல நம்ம மலை இருக்கட்டும்னுதான் கன்னிம்மா. அவங்களுக்குத் தெரியல, விடு."

"தப்புதான் கன்னிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

பக்கத்துப் பக்கத்துக் கடையில் பேசாமல் எப்படி இருப்பது? தெருநாய் ஒன்று இரண்டு கடைக்கும் நடுவில் படுத்திருக்கும். அதனிடம் பேசினோம்.

"ஏ நாயே, பூக்காரம்மாகிட்ட சொல்லு. வெயில் ஏறிகினு இருக்குது, மல்லி வாடுது."

"ஏ நாயே, அவருகிட்ட சொல்லு. என் பூவ நான் பாத்துக்கறேன், அவரு மலைய அவரு பாத்துக்கட்டும்."

அக்கா போன பிறகும் இப்படித்தான். என் வீட்டுக்காரர் போன பிறகும் இப்படித்தான். மகன் மனைவியோடு வேலைக்கென்று வெளியூர் போனான். அந்த நாயும் செத்தது, வேறொரு நாய் வந்து படுத்தது. நாங்கள் அதனிடம் பேசினோம்.

ஊதா நிறத்தில் புது நூறு ரூபாய் வந்தபோது அதன் பின்பக்கம் மலை இல்லை. எங்கேயோ வடக்கே இருக்கிற படிக்கிணறாம். முனிரத்தினம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாயிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. என் நாக்கில் நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. கேள்வி வரவில்லை. அன்று முழுக்கப் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன்.

அவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறி கே.ஜி.கண்டிகை போனேன். மகள் வீட்டில் கட்டிலில் கிடந்தார், ஒடுங்கிப்போய். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது. அங்கே நாய் இல்லை.

"வா கன்னிம்மா. குந்து."

உட்கார்ந்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தார். குனிந்தேன்.

"உன் பிள்ள கல்யாணத்து மால. அது மாதிரி நான் வேற கட்டல. நல்லா இருந்துச்சு இல்ல?"

"நல்லா இல்ல பாவா" என்றேன்.

"நல்லா இருந்துச்சு" என்றார். சிரித்தார். சிரிப்பு இருமலானது. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவரைப் பார்த்தது ஆட்டோக்காரர் வந்து சொன்ன அன்றுதான். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு தேடினார்கள். எல்லோர் கையிலும் போன் இருந்தது, காசு இல்லை. நான் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மருமகன் வாங்கிக்கொண்டு, "எந்தப் பக்கம் மேல தெரியணும்? சிங்கமா, நம்பரா?" என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கீழே படுத்திருந்தார். நான் சிங்கத்தை மேலே வைக்கச் சொன்னேன். சரியா என்று தெரியாது.

மற்றவர்கள் இந்த மலரில் அவருடைய நல்ல மனசையும் கைத்திறனையும் எழுதியிருப்பார்கள். எழுதட்டும், பொய் இல்லை. "அம்மா, கடைய விட்டுட்டு இங்க வந்துடு" என்று மகன் போன் பண்ணுகிறான். போய் அந்தச் சம்பந்தியம்மாள் வந்து போகிற வீட்டில் நான் என்ன செய்வது? இங்கேயே இருக்கிறேன். முனிரத்தினத்திடமிருந்து என்னிடம் பொருள் என்று ஒன்றும் இல்லை. அந்த மாலையை மறுநாளே பிரித்துச் செலவு செய்தார்கள். இருப்பது என் கோபம் மட்டும். அதை நான் யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன்.

காலையில் கடை திறந்ததும் சொல்லிப் பார்க்கிறேன், "அந்த மால நல்லா இல்ல பாவா" என்று, வாய் விட்டே. தகரத்துக்கு அந்தப் பக்கம் பூட்டு தொங்குகிறது. நான் சொன்னதுதான் கடைசி வார்த்தையாக நிற்கிறது. இத்தனை வருஷம் அதற்குத்தான் சண்டை போட்டேன்.