நீல டிக்கும் பிறந்த வீட்டுக் கோடியும்

மாமியார் இறந்த காலையில் என் கொழுந்தனார் முதலில் தேடியது சார்ஜரைத்தான். தலைமாட்டில் விளக்குகூட ஏற்றியிருக்கவில்லை. "அண்ணி, சார்ஜர் எங்க? போன் சாவப் போவுது" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. ஒரு முறை விம்மினார். பிறகு மறுபடியும் தேடினார். மிக்சிக்குப் பின்னால் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். அன்றைய நாட்குறிப்பில் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தில். தினமும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஓர் அலுவலகத்தில் கோப்புகள் பார்க்கிறேன். ஒரு வேலை முடிந்த பிறகுதான் அது முடிந்தது என்று எழுதுவது என் பழக்கம். எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாலே வேலை முடிந்துவிடும். மாடியில் நின்று தண்ணீர்த் தொட்டி வழிவதைப் பார்க்கும் கொழுந்தனார், கீழே இருக்கும் அண்ணனுக்கு 'மோட்டார் ஆப்' என்று செய்தி அனுப்புவார். அண்ணனின் கைப்பேசி கட்டிலில் கிடக்கும். அண்ணன் தோட்டத்தில் இருப்பார். தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி வரும். "நான்தான் போட்டேனே!" என்பார் ஒருவர். "நான் பாக்கலையே!" என்பார் இன்னொருவர். இருவரும் தவறே செய்யாதவர்கள். துடைப்பது நான்.

அத்தை பிறந்தது கல்வராயன் மலைமேல் உள்ள ஒரு சிற்றூரில். கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். என் கணவருக்குத் தாய்மாமன், எனக்குப் பெரியப்பா முறை. மேலே சாமையும் மரவள்ளியும் பயிர் வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். வாழப்போன பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். உடன்பிறந்தவன் கொண்டுவரும் அந்தப் புதுப் புடவையைப் போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். அதையும் பொழுது சாய்வதற்குள் செய்துவிட வேண்டும். ஆகவே அன்று எங்களுக்கு யார் வந்தாலும் வராவிட்டாலும் பெரியப்பா வந்தே ஆகவேண்டும்.

என் கணவர் அவருக்குப் போன் செய்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகக் குரல் சொன்னது. மலையில் அது புதிதல்ல. அதற்குள் கொழுந்தனார் ஒரு படம் தயார் செய்துவிட்டார். அத்தையின் முகம், இரண்டு பக்கமும் எரியும் விளக்கு, மேலே பறக்கும் புறா, கீழே 'கண்ணீர் அஞ்சலி'. அதைப் பெரியப்பாவுக்கு அனுப்பினார். சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார், தெரு குரூப்பில் போட்டார், ஸ்டேட்டஸிலும் வைத்தார். சற்று நேரத்தில் ஓடி வந்தார்.

"அண்ணா, மாமா பாத்துட்டாரு. ப்ளூ டிக் வுழுந்துடிச்சி."

"அப்ப சரி. சேதி போய்டிச்சி" என்று என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தல்காரரைப் பார்க்கப் போனார்.

நானும் சரி என்றுதான் நினைத்தேன். ஐஸ் பெட்டி வந்தது, நாற்காலிகள் வந்தன. என் கைப்பேசி ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அலுவலக குரூப்பில் ஒருவர் சாவுச் செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். அதற்கு அடியிலேயே இன்னொருவர் பனித்துளி படிந்த ரோஜாவோடு 'இனிய காலை வணக்கம்' வைத்திருந்தார். கைப்பேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். அங்கேயும் முனகியது.

உச்சிவேளைக்குள் சங்கராபுரத்துச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். திருநாவலூரிலிருந்து பஸ் மாறி மாறி நாத்தனார் குடும்பம் வந்துவிட்டது. இருப்பதிலேயே கிட்ட இருக்கும் மலைக்காரர்கள் மட்டும் வரவில்லை. திரும்பத் திரும்பப் போன் போட்டோம். அதே குரல்தான்.

பந்தலில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார்: "மலைக்குச் சேதி சொல்ல யாருப்பா போனது?"

கொழுந்தனார் கைப்பேசியை நீட்டினார். "அனுப்பிச்சாச்சி. பாருங்க, பாத்துட்டாரு."

"இது இன்னாப்பா, இது நடந்து போய் அவங்க வாசல்ல நின்னுச்சா?"

"காலம் எங்கியோ போய்க்கினு இருக்குது, நீ வேற தாத்தா."

"காலம் போய்க்கினுதான் இருக்குது. உங்க மாமனக் காணோமே!"

அந்த நேரத்தில்தான் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார். அத்தையின் ஊர்க்காரர். மாலை இல்லாமல் வந்ததற்கு வருத்தப்பட்டுவிட்டு, "இங்க இன்னும் ஆள் அனுப்பலையா?" என்று கேட்டார்.

"ஏன், அங்க இன்னா?" என்றேன்.

"அவரு காலையிலேர்ந்து வாசல்ல உக்காந்துகினு இருக்காரும்மா. கோடிப் புடவை எடுத்தாந்து வச்சிட்டாரு. ஜீப்பு பேசி நிறுத்தியாச்சி. ஆளு வரட்டும், ஆளு வரட்டும்னு சொல்லிக்கினு இருக்காரு."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேலே எங்களுக்காகக் காத்திருக்கிறார். நாங்கள் கீழே அவருக்காகக் காத்திருக்கிறோம். நடுவில் அத்தை ஐஸ் பெட்டியில் கிடக்கிறார்.

என் கணவருக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சிகினே வராம உக்காந்துகினு இருக்காரா? பெத்த அம்மா செத்துக் கெடக்கறப்ப நான் போய் வெத்தில பாக்கு வச்சி அழைக்கணுமா?"

"பாத்துட்டாருண்ணா, டிக்கு ப்ளூவா இருக்குது" என்று கொழுந்தனார் மறுபடியும் ஆரம்பித்தார். சங்கராபுரத்து மைத்துனர் அதற்கும் மேலே போனார். "நாமளே கடையில ஒரு கோடி எடுத்துருவோம். மாமா வீடியோ கால்ல பாத்து சரின்னு தலையாட்டட்டும். போர்த்திடலாம்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாலு பேர் யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் ஊரைவிட்டு நகரக் கூடாது. மற்ற ஆண்கள் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு, எடுக்காத ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாவுச் சேதிக்கு இரண்டு பேராகப் போகவேண்டும். நான் புடவையைச் செருகிக்கொண்டு கொழுந்தனாரிடம், "வண்டிய எடுப்பா, நான் வரேன்" என்றேன்.

"பொம்பள போய்ச் சேதி சொல்றதா?" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர்.

"ஆம்பளைங்க சொல்லித்தான பாத்தீங்க!" என்றேன்.

மலைப்பாதையில் ஒரு வளைவில் கொழுந்தனார் வண்டியை ஓரம் கட்டினார். "ஒரு நிமிஷம் அண்ணி. இந்த எடத்துல ரெண்டு பாயிண்டு சிக்னல் கெடைக்கும். நாம வந்துகினு இருக்கோம்னு மாமாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுர்றேன்."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, மடியில் மஞ்சள் பை. சுற்றிலும் பங்காளிகள் நின்றார்கள். ஜீப் ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தது. வீட்டுக்குள் பெண்கள் இருப்பது தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பையில் அவருடைய கைப்பேசி தொங்கியது. அந்த ஜன்னலில்தான் எப்போதாவது டவர் எட்டும்.

"வாம்மா. வெய்யில்ல இவ்ளோ தூரம் வந்துகிற. இன்னா சேதி?"

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் நாக்கு நுனிக்கு வந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, புடவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்ன சேதி என்று கேட்கிறீர்களே என்று கேட்டிருப்பேன். ஆனால் அங்கிருந்த அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"உங்க தங்கச்சி காலையில தவறிட்டாங்க பெரியப்பா."

உள்ளே ஒப்பாரி வெடித்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் ஒரேயடியாக வெளியே வந்தது. பெரியப்பா பையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தார். கொழுந்தனார் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து, அன்றைக்கு முதல் முறையாக வாய்விட்டு அழுதார்.

பிறகு கேள்விகள். சேதி கொண்டு வந்தவரிடம் கேட்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ராத்திரி என்ன சாப்பிட்டாள்? கஞ்சி. யார் கொடுத்தது? நான். யாரையாவது கேட்டாளா? அண்ணன் மலையிலிருந்து எப்போது வருவார் என்று முந்தின நாள் கேட்டார். இழுத்துக்கொண்டு கிடந்தாளா? இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார். எல்லாம் எனக்குத் தெரிந்தவை. அந்தப் புறாப் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

"போன்ல வந்தத மருமவ காட்டினா" என்றார் பெரியப்பா, ஜீப்பில் ஏறும்போது. "தீபாவளிக்கும் இப்டித்தான் வெளக்கு வரையறானுங்க, சாவுக்கும் வரையறானுங்க. ஆளு வராம எப்டிம்மா எழுந்து வர்றது? ஊர்ல சிரிக்க மாட்டாங்க?"

தங்கையின் முகத்தைவிட ஊர்ச் சிரிப்பு பெரிதாகிவிட்டதா என்று எனக்கு அவர்மீதும் கோபம்தான். எங்கள் வீட்டார் செய்தது தப்பு. இவர் பிடித்ததும் வீம்பு. இரண்டையும் ஒரே நாளில் சுமந்து இறக்க நான்தான் கிடைத்தேன்.

வீட்டை அடைந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. பெரியப்பா நேராகப் போய்ப் புடவையை விரித்துத் தங்கைக்குப் போர்த்தினார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னே போட்ட சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குளிப்பாட்டி முடித்தோம், பாடையைக் கட்டிவிட்டார்கள், பறை அடிக்க ஆரம்பித்தாயிற்று. தோள் கொடுப்பவர்கள் குனிந்தார்கள்.

"இரு, இரு" என்றார் பெரியப்பா. மடியிலிருந்து அந்தத் துணிப்பை வெளியே வந்தது. "எம்மவன் கேரளாவுல வேலைக்கிப் போயிருக்கான். அவனால வரமுடியல. அத்த மூஞ்சியக் கடைசியா பாக்கணும்னு சொல்லிக்கினு இருந்தான். வீடியோவுல ஒரு தபா காட்டிடுங்கப்பா."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். நான் மேற்கே பார்த்தேன்.

கைப்பேசியை அத்தையின் முகத்துக்கு மேலே பிடித்தார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பறையை நிறுத்தச் சொன்னார்கள். வட்டம் சுற்றியது. "பந்தலுக்கு வெளிய வாங்க, டவர் எடுக்கும்" என்றார் ஒருவர். "மாடிக்குப் போனா நல்லா எடுக்கும்" என்றார் சங்கராபுரத்து மைத்துனர். பாடையோடா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பெரியப்பா இரண்டு கைகளாலும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி, "தெரியுதாடா? டேய், தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாடியில் காயப்போட்டிருந்த துணிகளின் நுனியில் மட்டும் வெளிச்சம் மிச்சமிருந்தது.

சட்டென்று ஒரு முகம் வந்தது. கலங்கலாக, தலையில் சிமெண்டு படிந்த ஓர் ஆள். "அத்த" என்றான். அதற்குள் படம் உறைந்து நின்றுவிட்டது.

"பாத்துட்டான்" என்றார் பெரியப்பா. "தூக்குங்க."