பசி என்றுதான் நினைத்தேன்

2007-ஆம் ஆண்டு. திருச்சியிலிருந்து வந்து ஹைதராபாத்தில் மல்காஜ்கிரியில் குடியிருந்தோம். ஹைடெக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. அந்த வருடத் தொடக்கத்தில்தான் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, எடையைக் குறைத்தால் நல்ல கட்டுப்பாட்டுக்கு வரும் என்றார் டாக்டர். குறைத்துக் காட்டுகிறேன் என்று இறங்கிவிட்டேன்.

முதல் மாதம் பசி பாடாய்ப் படுத்தியது. அலுவலகத்தில் சாயங்காலம் சமோசாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் சுற்றி வரும்போது எழுந்துபோய் மோர் குடிப்பேன். காலையில் இட்லியைக் குறைத்து முட்டை சேர்த்தேன். மதியம் சோற்றைவிடக் காய்தான் அதிகம். வீடு திரும்புவதற்கு முன் ஒரு கைப்பிடி சுண்டல். பசி எடுத்தாலும் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்த்தால் அதுவே அடங்கிவிடும் என்று புரிந்தது. போகப் போக ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆயின. பெருமை தாங்கவில்லை. ஆனால் எடை இறங்கினால் மாத்திரை அளவும் குறைய வேண்டியிருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது.

அன்று மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. சுண்டல் டப்பாவை மேஜையிலேயே மறந்துவிட்டு ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன். பேகம்பேட்டை தாண்டியதும் ரயில் நின்றது. கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. என் கை நடுங்கியது. பழகிய பசிதானே, சமாளித்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். முதுகெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்தால் எதிரில் இருந்தவர்களின் முகங்கள் கலங்கித் தெரிந்தன.

“ஒண்ணுமில்ல, பசிதான்” என்று முனகியிருக்கிறேன். எதிர் சீட்டில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் சட்டென்று என் கையைப் பிடித்தார். பல காலமாக ஹைதராபாத்திலேயே இருக்கும் தமிழ் ரயில்வே குடும்பமாம், பிறகு சொன்னார்.

“பசி இல்லேம்மா, இது வேற. ஷுகர் இருக்கா உனக்கு? மாத்திரை சாப்புடறியா?”

தலையாட்டினேன்.

“எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆவும். ஷுகர் எறங்கிடுச்சு. யார்கிட்டயாவது சாக்லேட் இருக்கா?”

யாரிடமும் இல்லை. அந்த அம்மாளும் மகளும் வீட்டுப் பையனுக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். மகளின் மடியில், பெண் வீட்டுக்கு வாங்கிய இனிப்புப் பெட்டி. அவள் அதன் ரிப்பனை இழுத்தாள்.

“ஏய், அது பொண்ணு வீட்டுக்குடி!” அம்மாள் பதறினார்.

“பர்வாலேது அம்மா, முந்து மனிஷி” என்றாள் அவள் தெலுங்கில். பரவாயில்லை, முதலில் மனுஷர்தான் என்று. அதற்குள் பாகு சொட்டும் ஜாங்கிரி என் வாயருகே வந்துவிட்டது. அம்மாளும் என் தலையைத் தாங்கிக்கொண்டார். ஒன்று முடிந்ததும் இன்னொன்றில் பாதி. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அவர்கள் முகங்கள் தெளிவாகத் தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

செகந்திராபாத்தில் இறங்கிய பிறகும், போனில் அழைத்திருந்த என் கணவர் வந்து சேரும்வரை இருவரும் என்னோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். “உங்களுக்கு நேரமாச்சே, கிளம்புங்க” என்றேன்.

“ஹவ், ஆமா, ஆச்சுதான். பொண்ணு எங்க ஓடிப்போவப் போவுது? உன் வூட்டுக்காரர் வரட்டும்” என்றார் அம்மாள், மிச்ச ஜாங்கிரிகளைப் பெட்டியில் பரப்பி ரிப்பனைத் திரும்பக் கட்டியபடியே.

மறுநாளே டாக்டரைப் பார்த்தேன். மாத்திரையைப் பாதியாக்கினார். பசி என்றால் வயிற்றில் மெல்ல வரும் என்று விளக்கினார். திடீர் நடுக்கமும் வியர்வையும் வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஏதாவது இனிப்புச் சாப்பிடுங்கள் என்றார். அதன்பின் நிதானமாகவே குறைத்து, நினைத்த எடைக்கு வந்தேன். இன்றுவரை அந்த எடையை விடவில்லை. பசியோடு எனக்கு இப்போது பயமும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனால் உடம்பு உதவி கேட்கிறபோது அதைப் பசி என்று சொல்லி வாயடைப்பதை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டேன்.