ஹன்னாவுக்கும் ஒரு பிடி சோறு

ஓக்லாந்திலை, பிளாக்ஹவுஸ் பேயிலை எங்கட வாடகை வீட்டுக்கு வேலிக்கங்காலை நோர்மன் டக்கர் இருந்தவர். பென்ரோஸ் பக்கத்துப் பண்டகசாலை ஒண்டிலை வேலை செய்து ஓய்ஞ்ச, பெண்சாதியும் போய்ச் சேர்ந்த தனிக்கட்டை. தொண்ணூற்றாறிலை நானும் என்ரை மனுசன் பிரதாபனும் குடிவந்த அண்டைக்கே ஒரு பை தக்காளியோடை வந்து, "உங்கட பூட்டன் ஆர்? எந்த ஊர்?" எண்டு கேட்டார். கிழவனுக்கு நல்ல விசர் எண்டு நினைச்சன்.

அவருக்கு அதுதான் வேலை, தன்ரை பரம்பரையைத் தோண்டுறது. அப்பப்பா எட்வின் சின்ன வயசிலை இங்கிலாந்திலையிருந்து தனியக் கப்பலேறி வந்து, இஞ்சை புக்கெகோஹியிலை வெங்காயம் போட்டுச் சீவிச்சவராம். எட்வினின்ரை தகப்பன், அங்கை சொமர்செற் பக்கக் கிராமமொண்டிலை காணிபூமியோடை இருந்த ஜோர்ஜ் டக்கர். அவருக்கு மேலை இன்னும் மூண்டு தலைமுறை உழவர். ஊரும் குடும்பப் பேரும் பொருந்தினபடியால் இவரே முடிவுகட்டி, முன்னறைச் சுவரிலை பெரிய மரமாக் கீறி வைச்சிருந்தார். எட்வினைப் பெத்தவளின்ரை இடம் மட்டும் வெறுமை.

"அப்பப்பா சாகேக்கையும் 'அம்மா, அம்மா' எண்டுதான் அழுதவர், மலர். பேரைச் சொல்லேல்லை. அது தெரிஞ்சால் எனக்குப் போதும்" எண்டுவார்.

"நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக்கூடாது எண்டு எங்கட ஆக்கள் சும்மாவோ சொன்னவை? கவனம்" எண்டு நான் பகிடி பண்ணுவன். ஐயோ, என்ரை கரிநாக்கு!

அந்தக் கிராமத்துத் தேவாலயத்திலை பழைய பதிவுகளைத் தேடிக் குடுத்த பெண் ஒருநாள் காலமை நோர்மனுக்குப் போன் எடுத்தா. தாயின்ரை பேர் ஹன்னா டக்கர். ஆரோ ஒருத்தரின்ரை பண்ணையிலை பால் கறந்த வேலைக்காரி. கலியாணம் இல்லை. பிள்ளைக்குத் தகப்பன் பேரும் இல்லை. டக்கர் எண்டது அவளின்ரை பேர்தான். ஜோர்ஜ் இவருக்கு ஒண்டுமில்லை.

நோர்மன் வேலியடிக்கு வந்து இதைச் சொன்னார். முகம் செத்துப்போச்சு.

"இவ்வளவு காலமும் வேறை ஆரின்ரையோ மரத்திலை ஏறி இருந்திட்டன். எல்லாத்தையும் குப்பையிலை போடப்போறன்."

அண்டைக்குச் சித்திராப் பறுவம், சித்திரை முழுநிலவு. தாயில்லாத நாங்கள் அம்மாவுக்கு விரதம் பிடிக்கிற நாள். யாழ்ப்பாணத்திலை சண்டைக்குள்ளை செத்த என்ரை அம்மாவின்ரை முகத்தை நான் கடைசியாப் பாக்கேல்லை. அம்மாவுக்குப் படைச்சு வெளியிலை வைக்கக் கொண்டுவந்த சோறு கையிலை. எனக்கு வந்ததே கோவம்!

"விசர்க்கதை கதையாதேங்கோ! பெத்தவளின்ரை பேர் வேணுமெண்டியள், கிடைச்சிட்டுது. தனிய நிண்டு பெத்து, தன்ரை பேரையே குடுத்தவள். அவளையோ குப்பையிலை போடப்போறியள்? வெக்கமாயில்லை?"

நான் உள்ளை போய் இன்னொரு பிடி சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுவந்து அவரின்ரை கையிலை வைச்சன். ஓக்லாந்திலை காகமேது? எங்களுக்குக் கடற்புறாதான் காகம். நோர்மன் வேலிக்கட்டையிலை சோத்தை வைச்சு, "ஹன்னா" எண்டார். ரெண்டு கடற்புறா வந்து அடிபட்டுத் திண்டுதுகள்.

பிறகு என்ரை பக்கம் திரும்பி, "உங்கட அம்மாவின்ரை பேர் என்ன, மலர்?" எண்டார்.

விசாக்காரரைத் தவிர இந்த நாட்டிலை ஒருதரும் என்னை அதைக் கேட்டதில்லை.

"குணவதி."

"குனாவாடி" எண்டு தடக்கி, தலையை ஆட்டி, திரும்பவும் மெல்லச் சொல்லிப் பாத்தார். அம்மா செத்திட்டா எண்டு செய்தி வந்த அண்டைக்கும் அழாத நான், வேலியைப் பிடிச்சுக்கொண்டு குழறி அழுதன்.