தாளம் தப்பாதவள்

மேடையில் என் கணவர் உட்காரும் இடம் எனக்கு இடது பக்கம். முன்னால் ரிதம் பேட் இருக்கும். கட்டம் கட்டமாக ரப்பர் வைத்த பெட்டி அது. ஒரு கட்டத்தைக் குச்சியால் தட்டினால் தவில், அடுத்ததைத் தட்டினால் டிரம்ஸ். எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் பாட்டு, அவர் பேட். அரியலூரைச் சுற்றி நாங்கள் ஏறாத திருவிழா மேடை குறைவு.

எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம். நிகழ்ச்சி முடிந்து வேனில் ஏறியதும், "இன்னிக்கும் ஒரு இடத்துலகூட தாளம் தப்பலை, பார்த்தீங்கல்ல?" என்பேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "தப்பலம்மா" என்பார். பாராட்டுவதில் இவ்வளவு கஞ்சமா என்று கேலி செய்வேன்.

கீபோர்டு வாசிக்கும் தம்பி, லேப்டாப்புக்கு மாறலாம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். தாளம், பின்னணி எல்லாவற்றையும் வீட்டிலேயே சாஃப்ட்வேரில் செய்துவிட்டால் மேடையில் பட்டனை அமுக்கினால் போதும், சுமையும் குறையும், பிசகவும் பிசகாது என்பான். அவர் மசியவில்லை. "அது யாரு மூஞ்சியையும் பார்க்காதுப்பா" என்று மட்டும் சொன்னார். தன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

மாசியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி போதுமா, பந்தல்காரர் நாற்காலியை எப்போது எடுப்பார் என்றுதான் யோசனை ஓடியது. நெஞ்சழுத்தக்காரி என்று சொந்தக்காரிகள் பேசியது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி. பேடைத் துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்தேன். ஆடி பிறந்ததும் பாடப் போனேன். பாட்டை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது.

திருமானூரில்தான் லேப்டாப்போடு முதல் நிகழ்ச்சி. பல்லவி ஒழுங்காகப் போனது. இடையிசை முடிந்து சரணம் எடுக்கப்போனால், தாளம் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. தட்டுத் தடுமாறிப் பிடித்தேன். அடுத்த பாட்டிலும் அதே கதை. கூட்டத்தில் யாரோ ஊளையிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு பாடகியைப் பார்த்துக்கொள்வார்கள். கீழே இறங்கியதும் தம்பியைப் பிடித்துக்கொண்டேன், உன் மெஷினில்தான் கோளாறு என்று.

அவன் லேப்டாப்பை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"மெஷின் சரியாத்தான் போவுதுக்கா. சரணத்துக்கு நீங்க எப்பவுமே தாளத்துல ஒரு சுத்து லேட்டாத்தான் வருவீங்க. அண்ணன் உங்க தோளையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. நீங்க மூச்சு இழுக்கிற வரைக்கும் ஒரு சுத்து கூட்டி வாசிப்பாரு, நாங்களும் கூடவே நீட்டி வாசிப்போம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

வேண்டுமானால் லேப்டாப்பிலும் ஒரு சுற்றுக் கூட்டி வைத்துவிடுவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு பாத்திரம் தேய்க்கும்போதும் மனதுக்குள் எண்ணினேன். மூச்சை முன்னாலேயே இழுக்கப் பழகினேன். அவர்மேல் கோபமா, வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் வரவில்லை.

தா.பழூர் மேடையில் எல்லாச் சரணத்தையும் சரியாக எடுத்தேன். தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். வேனில் ஏறி உட்கார்ந்ததும் வழக்கம்போல, "இன்னிக்கு ஒரு இடத்துலகூட" என்று ஆரம்பித்துவிட்டு இடது பக்கம் திரும்பினேன். சீட்டில் லேப்டாப் பை இருந்தது. அன்றைக்குத்தான் நிஜமாகவே தப்பவில்லை. அதைச் சொல்ல ஆளில்லாமல் அழுதேன்.