கடைசியாக வருபவருக்கு முதல் சாயா

முதலில் மன்னித்துவிடுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால், அண்ணன் மனைவி எஸ்தர் மயினியைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். கோடைதோறும் எங்களோடு கார் பந்தயத்துக்கு வந்த குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் வேலையில் இருந்தபோது அண்ணன் போன் செய்தான். "மக்கா, வீட்டுக்கு வா." மயினிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவன் பின்னால் அம்மா அழுவது மட்டும் கேட்டது. எஸ்தர் மயினி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவே இல்லை.

இந்தப் பந்தயம் மயினி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது. பேச்சிப்பாறைப் பக்கம் அவருடைய அப்பாவின் நிலத்தில் வருடத்துக்கு ஒரு பகுதியாகப் பழைய ரப்பர் மரங்களை வெட்டி, புதுக் கன்று வைக்கும்வரை அந்த இடம் சும்மா கிடக்கும்; அங்கேதான் பந்தயம். பாதிச் சுற்று தார்ச்சாலை, பாதி செம்மண். குடும்பத்துக்கு ஒரு பழைய காரில், ஹெல்மெட்டும் பெல்டும் போட்டு, வீட்டில் எல்லாரும் ஓட்ட வேண்டும். கடைசியாக வருபவருக்குத்தான் முதல் சாயா. அதுவும் மயினி வைத்த சட்டம்தான். "ஜெயிச்சவனுக்கு எதுக்கு சாயா? அவன் சந்தோசத்துலயே இருப்பான்" என்பார்.

அம்மா முதன்முதலில் ஓட்டிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வளைவின் நடுவில் பிரேக்கை மிதித்ததில், வண்டி சுழன்று மண்ணில் புதைந்தது. மயினி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "மாமி, ரப்பர் நட குழி தோண்டியாச்சா?" என்றார். பயத்தில் வெளுத்திருந்த அம்மா சிரித்துவிட்டாள். "பிரேக்கு வளைவுக்கு முன்னால. பொறவு பயப்படாம போணும்" என்று சொல்லி மறுபடியும் அனுப்பினார். அன்றைக்கு முதல் சாயா அம்மாவுக்கு.

நான் மட்டும் ஓட்டியதில்லை. மயினியின் சிவப்புத் துவர்த்துத் துண்டைக் கொடியாக வீசிக்கொண்டு ஓரமாக நிற்பேன்.

"ஏட்டி, ஒரு சுத்து போயிட்டு வாறியா?"

"அடுத்த வருசம் மயினி."

"சரி, உனக்க சாயா அங்க ஆறிட்டு கிடக்கட்டு."

ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை. கேட்காமல் விட்டதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, குரல் தேய்ந்திருந்தது. "கிளட்சு கேபிள மாத்தணும். அண்ணன்கிட்ட சொல்லு" என்றார். "நீ மொதல்ல எழும்பு, பொறவு கேபிள பாக்கலாம்" என்று பக்கத்தில் நின்ற அண்ணன் அதட்டினான். அவன் கண்ணைத் துடைத்ததை மயினி பார்க்காததுபோல் இருந்தார்.

இப்போது எங்கள் பந்தய வண்டி முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. "அவ இல்லாம அது நிக்கத என்னால பாக்க முடியல்ல" என்கிறான் அண்ணன். நினைவு ஜெபம் முடிந்ததும் வாங்குகிற ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

அந்தச் சிவப்புத் துவர்த்து என்னிடம் இருக்கிறது. செம்மண் கறை போகவில்லை, நானும் துவைக்கவில்லை. மயினியுடையது என்று நான் வைத்திருப்பது அதுவும், கேட்டுக்கொண்டே இருந்த அந்தக் குரலும்தான்.

உன் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாமல்தான் அண்ணா, இவ்வளவும் எழுதினேன். வண்டியைக் கொடுத்துவிடாதே. கேபிளை மாற்று. இந்தக் கோடையில் துவர்த்தை நீ வீசு. நான் ஓட்டுகிறேன். கடைசியாகத்தான் வருவேன். சாயா போட்டு வையுங்கள்.